மலையிறங்கும் பிரதி

பதினெட்டு வயதில் ஒரு பெண் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிகிறாள். ஊழியர் சேமலாப நிதியில் சேர்ந்த காசைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது இலங்கைச் சட்டம். அப்படியென்றால், அவள் முதன்முதலாகக் கூடை சுமந்து மலையேறிய நாளின் கணக்கு 32 ஆண்டுகள் அழியாமல் இருந்தாக வேண்டும். ஆணென்றால் 37 ஆண்டுகள்.

தோட்டத்து ஆபீசில் வைக்கும் கணினி ஐந்தாறு ஆண்டுகள் உழைத்தாலே பெரிது. அதன் வன்தட்டு எந்த நாளிலும் நின்றுபோகலாம். மென்பொருளை நம்பலாமா என்றால், உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் தரவுத்தளங்களில் ஒன்றான மைஎஸ்கியூஎல் வெளிவந்ததே 1995இல்தான். அந்த ஆண்டில் பதினெட்டு வயதில் பேர் பதிந்த பெண் ஐம்பதைத் தொடுவது 2027இல். ஒரு தொழிலாளியின் உழைப்புக் காலத்துக்குள் இந்த மென்பொருளின் முழு வரலாறும் அடங்கிவிடுகிறது.

தரவுத்தளத்தை ஏன் ஒரு காப்புக் கோப்பாக வெளியே எடுத்து வைக்க வேண்டும் என்று கேட்டால், கணினி கெட்டுப்போனால் உதவும் என்ற பதில்தான் முதலில் வரும். அது சரிதான், ஆனால் சின்னக் காரணம். கணக்கின் ஆயுள் அதைத் தாங்கி நிற்கும் எந்தப் பொருளின் ஆயுளையும்விட நீளமானது என்பதே பெரிய காரணம். கணினி மாறும், மென்பொருள் மாறும், நிர்வாகமே மாறும். கணக்கு மட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிப் பிழைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

செக்ரோலின் எடை

காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுக்கிறார்கள். பிறகு மடுவத்தில் கொழுந்தை நிறுக்கிறார்கள். யார் வந்தார், எந்த மலையில் பறித்தார், எத்தனை கிலோ, முழுநாளுக்கான முழுப்பேரா அரைநாளுக்கான அரைப்பேரா என்பதெல்லாம் ஆபீசுக்குப் போய்ச் செக்ரோல் என்ற பதிவேட்டில் ஏறுகின்றன. மாத முடிவில் அதுவே சம்பளமாகிறது. சம்பளத்தின் மேல்தான் மற்றதெல்லாம் நிற்கிறது: சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து நூற்றுக்கு 8, முதலாளியிடமிருந்து 12, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளியிடமிருந்து 3. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து ஆண்டுகளைப் பூர்த்தி செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாகக் கிடைக்க வேண்டும். எத்தனை ஆண்டு சேவை என்பதற்குச் சாட்சி சொல்வதும் அதே பதிவுகள்தான்.

1970இல் ஓர் ஆங்கிலக் கம்பெனியின் தோட்டத்தில் பேர் பதிந்த ஒருவர், குடியிருந்த லயத்தைவிட்டு நகராமலே மூன்று நிர்வாகங்களைக் கண்டிருப்பார். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. 1992இல் அவற்றை நடத்தும் பொறுப்பு பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் செக்ரோல் புத்தகங்களும் கைமாற வேண்டியிருந்தது.

காகிதத்துக்கும் மலையகத்துக்கும் உள்ள வழக்கு இதைவிடப் பழையது. 1921இல் ஒழிக்கப்படும்வரை இருந்த ‘துண்டு’ முறையில், ஒரு தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால் அவர் தலையில் எவ்வளவு கடன் இருக்கிறது என்று எழுதிய சீட்டு வேண்டும். அவரைப் பற்றிய தகவல் இன்னொருவர் கையில் இருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. அதன்பின் தொழிலாளியே காகிதம் காட்ட வேண்டியிருந்தது. 1949ஆம் ஆண்டின் சட்டம் மணமானவர்களிடம் 7 ஆண்டு, மணமாகாதவர்களிடம் 10 ஆண்டு தொடர் வசிப்புக்கு ஆதாரம் கேட்டது, அதுவும் 1946 ஜனவரிக்கு முந்தைய ஆண்டுகளுக்கு. ஏறத்தாழ 8 லட்சத்து 24 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. 1960களின் நடுப்பகுதிவரை குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. காகிதம் இல்லாமை மட்டுமே இதற்குக் காரணமல்ல, அரசியலே முதற்காரணம். ஆனால் அந்த அரசியலுக்குக் கையில் கிடைத்த கருவி, பதியப்படாத பிறப்பும் கிடைக்காத ஆதாரமும்தான்.

எனவே இங்கே ஒரு பதிவு அழிந்தால் அது தகவல் தொழில்நுட்பப் பிரிவின் தலைவலியோடு முடிவதில்லை.

இருப்பிடத்தை நம்பாத உறவு

செக்ரோல் கணினிக்கு வந்தால் அது ஒரே நீண்ட பட்டியலாக இருக்காது. தொழிலாளிகளுக்கு ஓர் அட்டவணை, மலைகளுக்கு ஓர் அட்டவணை, அன்றாடப் பேருக்கு ஒன்று, கொழுந்து நிறைக்கு ஒன்று, சம்பள வீதத்துக்கு ஒன்று. கொழுந்து அட்டவணையில் தொழிலாளியின் பேர் எழுதப்படுவதில்லை. ‘412’ என்ற எண் மட்டும் இருக்கும். 412 யார் என்பதைத் தொழிலாளி அட்டவணை சொல்லும். இப்படிப் பொதுவான மதிப்புகளால் ஒன்றோடொன்று உறவு கொள்ளும் அட்டவணைகளின் தொகுப்பே உறவுமுறைத் தரவுத்தளம்.

இந்த வடிவத்தை முன்வைத்தவர் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் இருந்த எட்கர் காட். அவரது கட்டுரை 1970 ஜூனில் வெளிவந்தது. அதற்கு முந்தைய தரவுத்தளங்கள் பலவற்றில் ஒரு பதிவுக்குள்ளேயே அடுத்த பதிவுக்கான சுட்டி இருக்கும். தகவலைத் தேடும் நிரல் அந்தச் சுட்டிகளைப் பிடித்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்து போக வேண்டும். சேமித்த விதம் மாறினால் நிரலும் உடையும். காட் அந்தக் கட்டை அவிழ்த்தார். 412க்கும் அந்த எண்ணுக்குரிய பெண்ணுக்கும் உள்ள உறவு அந்த எண்ணிலேயே இருக்கிறது. தட்டின் எந்த மூலையில் அது கிடக்கிறது என்பது பொருட்டல்ல.

காப்புக் கோப்பு எடுப்பது இவ்வளவு எளிதானதே இதனால்தான் என்று சொல்லலாம். உறவுகள் மதிப்புகளாக இருப்பதால், தரவுத்தளம் முழுவதையும் சாதாரண எழுத்துகளாக ஒரு கோப்பில் எழுதிவிடலாம். அதை வேறொரு கணினியில், வேறொரு நாட்டில், பத்து ஆண்டுகள் கழித்துப் படித்தாலும் 412 அதே 412தான். அந்தக் கோப்பின் உள்ளடக்கத்தைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

அட்டவணை உருவாக்கு: தொழிலாளி (எண், பேர், பிறந்த திகதி, பேர் பதிந்த திகதி)
அட்டவணை உருவாக்கு: கொழுந்து (தொழிலாளி எண், மலை, திகதி, கிலோ)
பதிவு சேர்: கொழுந்து (412, 7, 2024-03-14, 19)
பதிவு சேர்: கொழுந்து (412, 7, 2024-03-15, 21)

இது தகவல்களின் பட்டியல் போலத் தெரிந்தாலும் உண்மையில் கட்டளைகளின் வரிசை. வெறுமையான ஒரு தரவுத்தளத்திடம் மேலிருந்து கீழாக இதைப் படித்துக் காட்டினால், அது பழைய தரவுத்தளமாகவே எழுந்து நிற்கும். இதற்கு ‘டம்ப்’ என்று பேர். இன்னொரு வழியும் உண்டு: தரவுத்தளம் தட்டில் எழுதி வைத்திருக்கும் கோப்புகளை அப்படியே படியெடுப்பது. லயத்தைச் சுவரோடு பெயர்த்துக் கொண்டுபோவதற்கும், அதன் வரைபடத்தையும் சாமான் பட்டியலையும் கையில் கொண்டுபோய் வேறிடத்தில் கட்டிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு இது. பெயர்த்த சுவர் வேகமாக எழும்பும், ஆனால் பெரும்பாலும் அதே மென்பொருளின் அதே பதிப்பில்தான் நிற்கும். வரைபடத்தை வேறு மேஸ்திரியும் படிப்பார். முப்பது ஆண்டுகள் தாங்க வேண்டிய கணக்குக்கு வரைபடம்தான் ஏற்றது.

அளவைப் பற்றியும் அஞ்சத் தேவையில்லை. ஒரு தோட்டத்தில் 600 பேர், ஆண்டுக்கு 300 நாள் வேலை, ஒரு பதிவுக்கு 60 பைட் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் பதிவுகள், ஏறக்குறைய 11 மெகாபைட். நாற்பது ஆண்டுகளுக்கு 440 மெகாபைட்டைத் தாண்டாது. எழுத்துக் கோப்பு என்பதால் அதைச் சுருக்கினால் இன்னும் பல மடங்கு குறையும். இரண்டு தலைமுறையின் உழைப்பு கடையில் கிடைக்கும் மிகச் சிறிய பென்டிரைவில் அடங்கிவிடும்.

நிறுத்துக்கொண்டிருக்கும்போதே எடுப்பது

மாலை நாலரை மணிக்கு நிரல் பிரதி எடுக்கத் தொடங்குகிறது என்று வையுங்கள். முதலில் தொழிலாளி அட்டவணையை எழுதி முடிக்கிறது. அந்த நேரம் பார்த்துப் புதிதாக ஒருவர் பேர் பதிகிறார், அவரது கொழுந்தும் நிறுக்கப்படுகிறது. அடுத்து நிரல் கொழுந்து அட்டவணைக்கு வருகிறது. இப்போது கோப்பில் 601ஆம் எண்ணுக்கு 14 கிலோ இருக்கிறது. 601 யார் என்ற பதிவு இல்லை. பிரதி எடுத்தாயிற்று, ஆனால் அது எந்த ஒரு கணத்தின் உண்மையும் அல்ல.

இதற்குத் தீர்வு, முழுப் பிரதியையும் ஒரே பரிவர்த்தனைக்குள் எடுப்பது. நவீனத் தரவுத்தளங்கள் ஒரு பதிவு மாறும்போது அதன் பழைய வடிவத்தையும் சற்று நேரம் வைத்திருக்கும். நிரல் நாலரைக்குத் தொடங்கினால், எடுத்து முடிக்கும்வரை நாலரை மணிக்கு இருந்த நிலையே அதன் கண்ணுக்குத் தெரியும். மடுவத்தில் நிறுப்பதும் தடைப்படாது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் பீஜி டம்ப் கருவி இதைத் தானாகவே செய்கிறது. மைஎஸ்கியூஎல்டம்ப் கருவியிடம் ‘ஒரே பரிவர்த்தனை’ என்ற விருப்பத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். சின்ன ஆபீசுக்குப் போதுமான எஸ்கியூஎல்லைட் என்றால், பைத்தான் மொழியிலேயே டம்ப் எடுக்கும் வசதி உண்டு. தரவுத்தளத்தைத் திறந்து, ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கி, ‘இட்டர்டம்ப்’ தரும் கட்டளைகளை ஒவ்வொரு வரியாகக் கோப்பில் எழுதினால் வேலை முடிந்தது. நாலைந்து வரி நிரல்.

ஆனால் நல்ல நிரல் அந்த நாலைந்து வரியோடு நிற்காது. அது செய்ய வேண்டியவை இவை:

1. கோப்பின் பெயரில் திகதியைச் சேர்க்கும். நேற்றைய பிரதியின் மேல் இன்றையதை எழுதாது. நேற்றே கணக்கு கெட்டிருந்தால் முந்தாநாள் பிரதிதான் காப்பாற்றும்.
2. முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதும். முழுதாக முடிந்த பிறகே உண்மையான பெயரை வைக்கும். பாதியில் மின்சாரம் போனால் அரைகுறைக் கோப்பு முழுக்கோப்பின் வேடத்தில் உட்கார்ந்திருக்காது.
3. கருவி திருப்பித் தரும் எண்ணைப் பார்க்கும். சுழி என்றால் வெற்றி, வேறெதுவும் தோல்வி. டம்ப்பை நேரே சுருக்கும் கருவிக்குள் பாய்ச்சுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். டம்ப் தோற்றாலும் சுருக்கும் கருவி தன் வேலையை ஒழுங்காகச் செய்து வெற்றி என்றே சொல்லும். விளைவு, உள்ளே ஒன்றுமில்லாத 20 பைட் கோப்பு.
4. கடைசி வரியைப் பார்க்கும். மைஎஸ்கியூஎல்டம்ப் வழக்கமாக ‘டம்ப் முடிந்தது’ என்ற குறிப்போடுதான் முடியும். அது இல்லையென்றால் கோப்பு முழுமையில்லை.
5. எஸ்எச்ஏ-256 போன்ற முறையில் கோப்புக்கு ஒரு விரல்ரேகையைக் கணக்கிட்டு வைக்கும். பிற்காலத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது காட்டிக்கொடுக்கும்.
6. மறையாக்கம் செய்யும். கோப்புக்குள் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதி வைப்பதும் கூடாது.

எழுத்தும் பிழைக்க வேண்டும்

எண்கள் எல்லாம் சரியாக வந்து பேர்கள் மட்டும் கேள்விக்குறிகளாக நிற்கும் பிரதியைத் தமிழில் கணக்கு வைத்தவர்கள் அறிவார்கள். யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் வேண்டும். மேற்கத்திய எழுத்துகளுக்காக வகுத்த பழைய முறையில் ஓர் எழுத்துக்கு ஒரே பைட். பிரதி எடுக்கும் நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான இணைப்பு அந்தப் பழைய முறையில் அமைந்துவிட்டால், ‘க’வுக்கு அங்கே இடமில்லை, அதற்குப் பதிலாகக் கேள்விக்குறி எழுதப்படும். அப்படி எழுதிய பிறகு எந்த வித்தையாலும் ‘க’வை மீட்க முடியாது.

இலங்கையில் எதிர்ப்படும் இன்னொரு சிக்கல் பாமினி. யூனிகோடுக்கு முன்பு ஆபீசுகளில் பரவலாக இருந்த அந்த எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து காட்டியது. அதில் ‘தமிழ்’ என்று தட்டினால் கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி உள்ள கணினியில் தமிழாகத் தெரியும். மற்றக் கணினிகளில் குப்பையாகத் தெரியும். அப்படிச் சேமித்த பேர்களைப் பிரதி எடுத்தால் பைட்டுகள் ஒன்றுகூடப் பிசகாது, பேர்தான் பிசகும். ஆகவே பழைய கணக்குகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டே நெடுங்காலப் பிரதி எடுக்க வேண்டும். அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் சேமலாப நிதியில் வேறு விதமாகவும் பேர் எழுதப்பட்டதால் அலைய நேர்ந்தவர்களின் ஊர் இது. ஓர் எழுத்து என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஒரே சரிவில் இரண்டு பிரதி

2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினி அமைப்பைப் பணயத் தீம்பொருள் தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைப்பை விரைவில் மீட்டுவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. இணைப்பில் இருந்த காப்புப் பிரதியும் மூலத்தோடு சேர்ந்தே பூட்டப்பட்டது. இணைப்பைத் துண்டித்து வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இல்லை. மூலத்தை எட்டக்கூடிய கை பிரதியையும் எட்டுமானால் அதைப் பிரதி என்று எண்ணக் கூடாது.

மலைநாட்டில் இதே பாடத்தை மண் சொல்லித் தருகிறது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. காணாமற்போனவர்கள் நூற்றுக்கணக்கானோர் என்று முதலில் சொல்லப்பட்டு, பிறகு எண்ணிக்கை நாற்பதுக்கும் கீழே வந்தது. அந்த வேளையில் எத்தனை பேர் அங்கே இருந்தார்கள் என்பதே முதல் கேள்வியாக நின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் பாதைகளை அறுத்தன. மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் நின்றன. ஆபீசில் ஒரு பிரதி, அதே சரிவில் கீழே இருக்கும் ஸ்டோரில் இன்னொரு பிரதி என்றால் மண்ணின் கணக்கில் அவை இரண்டும் ஒன்றே.

நிழற்படக் கலைஞர் பீட்டர் குரோ பரப்பிய 3-2-1 விதி இதைச் சுருக்கிச் சொல்கிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்களில், ஒன்றாவது வேறிடத்தில். ஹட்டன் பகுதித் தோட்டமென்றால் மூலம் ஆபீஸ் கணினியில், ஒன்று கழற்றி வைக்கும் வன்தட்டில், ஒன்று கொழும்பிலோ கடல் கடந்தோ. இணைய வேகம் குறைந்த இடத்திலும் இது நடக்கும். அன்றாடம் கூடும் பதிவுகள் சில பத்து கிலோபைட்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு படத்தைவிடச் சிறியது.

மீட்டுப் பார்க்காதது பிரதியல்ல

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் பழுது பார்க்கும்போது, துணைக் கணினி என்று எண்ணி முதன்மைக் கணினியின் தரவுகளை அழிக்கும் கட்டளையை இட்டார். ஏறத்தாழ 300 கிகாபைட் போனது. அங்கே பிரதி எடுக்க ஐந்து விதமான ஏற்பாடுகள் இருந்தன. திறந்து பார்த்தால் ஒன்றும் சரியாக வேலை செய்திருக்கவில்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 9.6 பதிப்பில் ஓட, பிரதி எடுக்கும் கருவி 9.2 பதிப்பில் இருந்து தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களைப் பெறும் பக்கமே நிராகரித்துவிட்டது. வேறு ஒரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்த படிதான் அவர்களைக் காப்பாற்றியது. ஆறு மணி நேர வேலை போனது போனதுதான். நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் அவர்களே வெளியிட்டதால் உலகம் முழுவதும் இன்று அதைப் பாடமாகப் படிக்கிறது.

ஆகவே மாதம் ஒரு முறை, வேறொரு கணினியில், வெறுமையான தரவுத்தளத்தில் அந்தக் கோப்பை ஏற்றிப் பார்க்க வேண்டும். வேறொரு கணினி என்பதில் காரணம் இருக்கிறது: மைஎஸ்கியூஎல்டம்ப் கோப்பு வழக்கமாக ஒவ்வோர் அட்டவணைக்கும் முன்னால் ‘பழையது இருந்தால் நீக்கு’ என்ற கட்டளையோடுதான் வரும். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தில் அதை ஏற்றினால் இன்றைய கணக்கு அழிந்து, போன மாதக் கணக்கு வந்து உட்காரும். ஏற்றிய பிறகு மூன்று கேள்விகள் போதும். பதிவுகளின் எண்ணிக்கை மூலத்தோடு ஒத்துப்போகிறதா? 412க்குப் போன ஆண்டு எத்தனை பேர் விழுந்தது? அவள் பேர் தமிழில் சரியாகத் தெரிகிறதா?

இவ்வளவும் நிர்வாகத்துக்கான யோசனை. உறவுமுறைத் தரவுத்தளம் இன்னொன்றையும் எளிதாக்குகிறது. பிரதி எடுக்கும் நிரலில் ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்த்து, 412ஆம் எண்ணுக்குரிய பதிவுகளை மட்டும் எழுது என்றால், ஓர் ஆண்டுக்கு 300 வரி, 18 கிலோபைட். எந்தக் கைபேசியிலும் படிக்கலாம், சில தாள்களில் அச்சிட்டும் கொடுக்கலாம். 600 பேருக்கும் அவரவர் பதிவைக் கொடுத்துவிட்டால் கணக்கின் 600 துணுக்குகள் 600 வீடுகளில் இருக்கும். எந்தத் தீயும் மண்சரிவும் தீம்பொருளும் அவை அத்தனையையும் ஒரே இரவில் எட்ட முடியாது. தன் கணக்கில் பிழை இருந்தால் முப்பது ஆண்டு கழித்து ஆபீஸ் ஆபீசாக அலையாமல், அந்த மாதமே அவளால் கேட்கவும் முடியும். செக்ரோல் ஆபீஸ் அலமாரியில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. அது தோட்டத்துப் பழக்கம். பழக்கத்தை மாற்ற ஒரு நிபந்தனை வரி போதும், அதை எழுதச் சொல்லும் முடிவு மட்டும் வேண்டும்.